நோயுற்ற குழந்தைக்கு அசைவும் மருந்தே

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நோயாளி அசையாது கிடத்தலே நலம் என்பது நம்மிடையே ஊறிய எண்ணம். மூச்சுக் கருவி பொருத்திய குழந்தையை மருத்துவமனையார் எழுப்பி உட்காரவைக்க முற்பட்டால், பெற்ற மனம் பதறாதிருக்குமா? அத்திபெலேயிலிருந்து பொம்மசந்திராவுக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் நம் குடும்பத்தார்க்கு இதில் தெளிவு வேண்டும் என்பதற்காகவே பேசத் துணிந்தேன்.

1952இல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, பியோர்ன் இப்சன் என்னும் மருத்துவரின் யோசனைப்படி மாணவர்கள் முறைவைத்துக் கையால் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சு ஊட்டினர். தீவிர சிகிச்சைப் பிரிவு அதிலிருந்தே வளர்ந்தது. அன்று உயிர் காப்பதே முதற்கவலை. பின்னர் வேறொரு கவலை எழுந்தது. பிழைத்த பிள்ளை வீடு திரும்பியும் நடக்கவியலாது தளர்கிறதே, காரணம் யாது? அசையாத தசை சில நாட்களிலேயே மெலிகிறது, மூட்டு இறுகுகிறது, நுரையீரலில் சளி தேங்குகிறது, மிகுதியான மயக்க மருந்தால் அறிவும் குழம்புகிறது.

2009இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் வளர்ந்தோர் 104 பேர் பங்குகொண்டனர். தொடக்கத்திலேயே பயிற்சி பெற்றவர்களில் 59 விழுக்காட்டினர் தம் காரியங்களைத் தாமே செய்யும் நிலையை அடைந்தனர். மற்றவர்களில் 35 விழுக்காட்டினரே. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டாக்டர் சப்னா குட்சட்கர் முதலியோர் குழந்தைகளுக்கென ஒரு முறை வகுத்து 2016இல் வெளியிட்டனர். நோயின் நிலைக்கேற்ப அதில் படிகள் உண்டு: ஒரு பிள்ளைக்குப் படுக்கையிலேயே கைகால் மடக்கி நீட்டல், மற்றொன்றுக்கு உட்காருதல், இன்னொன்றுக்கு நடத்தல்.

கொடி காட்டுமுன் இணைப்பும் தடையும் பார்ப்பது இருப்புப்பாதை வழக்கம். அதுபோல் மருத்துவரும் செவிலியரும் குழாய்களையும் இரத்த அழுத்தத்தையும் சரிபார்த்த பின்னரே பிள்ளையை அசைப்பர். சில வேளை காத்திருக்கவும் நேரும். நாமாக ஒன்றும் செய்தலாகாது.

ஆயினும் நமக்கும் பணியுண்டு. "எங்கள் பிள்ளையை எப்போது உட்காரவைக்கலாம்?" என்று தயங்காது கேளுங்கள். கன்னடம் அறியாதவர்க்குச் சங்கத்தார் துணை நிற்கட்டும். தாயின் குரலும் பழகிய பொம்மையும் குழந்தையைக் கை நீட்டச் செய்ய வல்லவை.

1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்தும், வேலூரில் சக்கர நாற்காலியிலிருந்தே மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். உயிர் மீட்பது பாதிப் பணி. மீண்டவரை வாழவைப்பது மறுபாதி என்பதே அவர் வாழ்வு நமக்கு உணர்த்துவது. நம் பிள்ளைகளுக்கு அவ்விரண்டும் கிட்டச் செய்வோம்.