பெற்றோர் பராமரிப்பு: வாய் திறந்து கேட்பது கேவலமல்ல
(டிரஸ்ட் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





தன்னை மட்டுமே வணங்கும்படி ஏவிய அதே வசனத்தில் பெற்றோருக்கு நன்மை செய்யவும் அல்லாஹுத்தஆலா ஏவியிருக்கிறான் (பனீ இஸ்ராயீல் 23). இதை ஜும்ஆ பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனாலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, அத்தாவும் அம்மாவும் தனியாக இருக்கும் வீடுகள் நம் ஊர்களில் உண்டு. பணம் வராத மாதம் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். வெளியே சொன்னால் குடும்பத்துக்குக் கேவலம் என்று வாய் திறப்பதில்லை.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் எல்லா மதத்தவருக்கும் பொதுவானது. மாதம் 10,000 ரூபாய் வரை பெற்றுத்தர வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் உண்டு. லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர்க்காரர்கள் பெரம்பலூருக்கும், ஜெயங்கொண்டத்தார் உடையார்பாளையத்துக்கும், அரியலூர் நகரத்தார் அரியலூருக்கும் போக வேண்டும். வக்கீல் தேவையில்லை. முதலில் சமரசம் பேசவும் சட்டத்தில் வழியுண்டு. பிள்ளைக்கு நோட்டீஸ் சேர்ந்த 90 நாளுக்குள் மனுவை முடிக்க வேண்டும். உத்தரவில் திருப்தி இல்லையென்றால் பெற்றோர் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்துக்கு வாரிசாகும் உறவினரிடம் பராமரிப்புக் கேட்கலாம். நடமாட முடியாதவர் சார்பில், அவர் ஒப்புதலுடன், வேறொருவரோ பதிவு பெற்ற தொண்டு அமைப்போ மனுக் கொடுக்கலாம்.

வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பிள்ளை பார்க்காவிட்டால், 23-ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். ஆனால் அப்படியொரு நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே வாய்ப்பேச்சாக விடாமல் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

ஜமாஅத்தார் பிள்ளைகளை அழைத்துப் பேசுவது நல்லது, முதலில் பேசட்டும். ஆனால் மனுக் கொடுக்காதே என்று ஒரு பெரியவரைத் தடுக்கும் உரிமை எந்த முத்தவல்லிக்கும் இல்லை, நமக்கும் இல்லை. ஒத்துக்கொண்ட தொகை வராமல் போனால் தயங்காமல் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். மனு எழுதித் தருகிறோம், கூடவே வருகிறோம். அவசர உதவிக்கு முதியோர் உதவி எண் 14567, கட்டணமில்லை.

பெற்றோரின் துஆவைப் பெற்ற பிள்ளைகளாக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.