ஒடுங்கிய படகைச் செப்பனிடல்

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள கால்வாய்களிலே ஓடும் படகுகளைப் பார்ப்போர், அவற்றின் வடிவத்தைக் கண்டு முதலில் வியப்புறுவர். நீளம் எழுபது அடி வரையிலிருக்கும். அகலமோ 6 அடி 10 அங்குலத்துக்கு மேற்படாது. இப்படி ஒரு பென்சிலைப் போல் நீண்டிருப்பதற்குக் காரணம் படகு கட்டியோரின் விருப்பமன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலே ஜேம்ஸ் பிரின்ட்லி என்னும் பொறியியலாளர் திரென்ற்–மேர்சிக் கால்வாயை வகுத்தபோது, படகுகளை மேட்டிலே ஏற்றவும் பள்ளத்திலே இறக்கவும் உதவும் மடைக்கூடங்களை ஏறத்தாழ 72 அடி நீளமும் 7 அடி அகலமும் உடையனவாக அமைத்தார். அகலங் குறைந்தால் நீர்ச்செலவு குறையும். சுரங்கவழிகளைக் குடையும் செலவும் குறையும். அவர் 1772ஆம் ஆண்டில் மறைந்தார். கால்வாய் முற்றுப்பெற்றது 1777இல். அவர் வகுத்த ஏழடி மட்டும் இன்றுவரை மாறவில்லை. அக்கால்வாய்களிற் செல்லவேண்டிய படகு எதுவாயினும் அந்த ஏழடிக்குள் அடங்கியே தீரவேண்டும்.

அப்படகுகளைக் குதிரைகள் இழுத்தன. பின்னர் யந்திரங்கள் உந்தின. நிலக்கரியும் மட்பாண்டக் களிமண்ணும் முன்னே கிடக்க, பின்புறத்திலே பத்தடி நீளமுள்ள ஓர் அறைக்குள் படகோட்டியின் குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. புகைவண்டியும் லொறியும் அத்தொழிலை மெல்ல மெல்ல நலிவித்தன. 1948இலே பெரும்பாலான கால்வாய்கள் அரசுடைமையாயின. 1962–63ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நீர் உறைந்து, வாரக்கணக்காகப் படகுகள் அசையாது நின்றன. எஞ்சியிருந்த சரக்குப் போக்குவரத்திற் பெரும்பகுதி அதனோடு ஒழிந்தது.

சரக்கு ஒழிந்தாலும் படகுகள் ஒழியவில்லை, அவை வீடுகளாயின. இம்மாற்றத்துக்கு முன்னோடிகளுள் ஒருவர் எல். ரி. சி. ரோல்ற் என்னும் எழுத்தாளர். அவர் யந்திரத் தொழில் கற்றவர். 1939ஆம் ஆண்டிலே 'கிரெசி' என்ற பழைய மரப்படகை வாழ்வதற்கேற்ற இல்லமாக மாற்ற விரும்பி, பான்பரி என்னும் ஊரிலுள்ள ரூலி குடும்பத்தாரின் படகுப்பட்டறைக்குக் கொண்டுசென்றார். அந்தக் குடும்பம் மரப்படகு வேலையிற் பழுத்தது. உளுத்த பலகையைக் கழற்றிப் புதுப்பலகை பொருத்துவதும், பலகைச் சந்துகளிலே நார் திணித்துக் கீல் பூசுவதும்—நம் கரையோரத்தார் கலப்பற்று என வழங்கும் அதே தொழில்—அவர்களின் கைவேலை. உள்வேலையிலே ரோல்ற் தாமும் ஈடுபட்டார். அவ்வாண்டு யூலை மாதத்திலே தம் மனைவியாருடன் புறப்பட்டார். அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய 'ஒடுங்கிய படகு' என்னும் நூல் 1944இல் வெளிவந்தது. அதனைப் படித்த றொபேட் எயிக்மன் என்பாரும் அவரும் சேர்ந்து 1946இலே உள்நாட்டு நீர்வழிகளைக் காப்பதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினர். இத்துணைப் புகழ்பெற்ற கிரெசியை 1950களின் தொடக்கத்திலே அதன் அடிமரம் நைந்துபோயிற்றென்று கைவிட நேர்ந்தது. மேலே எவ்வளவு அழகு செய்தாலும், நீருக்குள் இருக்கும் பகுதியே படகின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

இன்று ஓடும் ஒடுங்கிய படகுகளிற் பெரும்பாலானவை உருக்குத் தகட்டாலானவை. அடித்தகடு 10 மில்லிமீற்றர், பக்கத்தகடு 6 மில்லிமீற்றர், அறையின் சுவரும் கூரையும் 4 மில்லிமீற்றர் என்பது புதுப்படகுகளிற் பரவலாக வழங்கும் அளவு. மரத்தை உளுப்பு உண்பதுபோல் உருக்கைத் துரு உண்ணும். துருவிலும் இரு வகையுண்டு. மேற்பரப்பு முழுவதும் பரவும் துரு கண்ணுக்குத் தெரியும்; அது மெதுவாகவே அரிக்கும். ஓரிடத்திலே ஊசியாற் குத்தியதுபோலக் குழிவிழும் துருவே பொல்லாதது. சுற்றிலும் தகடு தடித்திருக்க, ஒரு புள்ளியிலே மட்டும் அது துளையாகிவிடும்.

ஆகையாற் பழைய படகொன்றை வாங்க எண்ணுபவர் முதலிலே தேடவேண்டியவர் படகுப் பரிசோதகர். அவர் படகை நீரிலிருந்து வெளியே எடுப்பித்து, செவிக்கெட்டா ஒலியலைகளைத் தகட்டினுள்ளே செலுத்தும் ஒரு கருவியால், எவ்விடத்தில் எத்தனை மில்லிமீற்றர் எஞ்சியுள்ளதென அளந்து எழுதித் தருவார். இப்பரிசோதகரை வாங்குபவரே அமர்த்திக் கூலி கொடுத்தல் வேண்டும். விற்பவர் கையிலே தயாராக வைத்திருக்கும் அறிக்கை, விற்பவருக்காக எழுதப்பட்டது. 4 மில்லிமீற்றருக்குக் குறைந்த தகடுள்ள படகைக் காப்புறுதி செய்யக் காப்புறுதிக்காரர் பலர் தயங்குவர் என்பதால், அந்த எண்ணிலேயே பேரம் முழுவதும் தங்கியிருப்பதுண்டு.

தகடு மெலிந்த இடத்தின்மேல் இன்னொரு தகட்டை உருக்கி ஒட்டுவது வழக்கமான பரிகாரம். பேச்சிலே எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் இரண்டு இடர்கள் உண்டு. புதுத்தகட்டின் பாரத்தாற் படகு நீரிலே சற்றுத் தாழும். தாழவே, பக்கங்களிலுள்ள கழிவுநீர்த் துளைகளும் காற்றுத் துளைகளும் நீர்மட்டத்துக்கு அண்மையிலே வந்துவிடும். மடைக்கூடத்திலே படகு ஒருபுறம் சாயும் ஒரு கணத்தில் நீர் உட்புக அதுவே போதும். மற்றையது நெருப்பு. தகட்டின் உட்புறத்திலே குளிரைத் தடுக்க நுரைப்பொருள் ஒட்டப்பட்டிருக்கும், அதன்மேல் மரப்பலகை. வெளியே ஒட்டும்போது சூடு உள்ளே கடந்து அந்நுரை புகைந்து எரியத்தொடங்கலாம். தேர்ந்த தொழிலாளி, உட்பலகையைக் கழற்றி நுரையைச் சுரண்டி எடுத்த பின்பே பொறியை மூட்டுவார். உள்ளே நீர்வாளியுடன் ஒருவரை இருத்துவார். "பலகையைக் கழற்றத் தேவையில்லை, ஒரு நாளில் முடித்துத் தருகிறேன்" என்று சொல்பவர் குறைந்த விலை கேட்பார். அந்த விலைக்கு மயங்குவோர் பலர்.

கூலிக்கு அமர்த்தும் தொழிலாளரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்; புதிதாகப் படகு வாங்கியோர் பணத்தையும் மனநிம்மதியையும் இழப்பது பெரும்பாலும் இங்கேதான். படகு வீடுபோலத் தோன்றும், ஆயினும் வீடன்று. வீட்டு வேலையிலே கைதேர்ந்த ஒருவர் படகிலே தவறுவது திறமைக் குறைவாலன்று, பழக்கத்தால். தச்சரை எடுத்துக்கொள்வோம். தரையிலே அவர் எதைச் செய்தாலும் இரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். மிதக்கும் படகிலோ இரசமட்டத்துக்கு வேலையில்லை. நீர்த்தொட்டி நிறைந்திருந்தால் அணியம் தாழும், வெறுமையானால் உயரும். தச்சர் தாமே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போனாலும் குமிழி நகரும். படகுத் தச்சர் மூலைமட்டத்தையும் படகின் சொந்தக் கோடுகளையும் நம்பியே அலுமாரியை நிறுத்துவார். இரசமட்டத்தை நம்பி நிறுத்தியவரின் அலுமாரிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்பதைக் கண்டு வீட்டுக்காரர் அவரைத் திட்டுவார். அவரோ தம் கருவியைக் காட்டிச் சத்தியஞ் செய்வார்.

மின்வேலையும் அவ்வாறே. வீடுகளுக்கு ஒற்றைத் தடித்த செப்புக்கம்பி பொருத்தமானது. யந்திரம் ஓடும்போதெல்லாம் அதிரும் படகிலே அக்கம்பி நாளடைவில் முறியும். பல மெல்லிய இழைகளை முறுக்கிய கம்பியே அங்கு வேண்டியது. குளிர்காக்கப் பொலிஸ்டிரீன் பலகை வைத்த படகிலே இன்னுமொரு நுட்பம் உண்டு. பி.வி.சி. உறையிட்ட கம்பி அப்பலகையைத் தொட்டுக்கொண்டு கிடந்தால், உறையிலுள்ள மென்மையாக்கும் பொருள் பலகைக்குள் ஊர்ந்துவிடும். உறை விறைத்து வெடிக்கும். இதனை அறியாத மின்வேலையாளர், ஒருவருக்கும் தெரியாத இடத்திலே, பல ஆண்டுகள் கழித்துப் பலிக்கும் ஒரு தீங்கை வைத்து மூடிவிட்டுப் போகிறார். எரிவாயுவோ இன்னும் கடுமையானது. படகிலே பயன்படும் வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் வெளியேறாது அடிக்குழியிலே தேங்கிப் பொறிக்குக் காத்திருக்கும். ஆகவே, வாடகைக்கு விடும் படகிலும் குடியிருக்கும் படகிலும் இவ்வேலையைப் பதிவுபெற்றவரே செய்தல் வேண்டுமென்பது பிரித்தானியச் சட்டம். பதிவு அட்டை உண்டா என்று கேட்பது மாத்திரம் போதாது. அட்டையின் பின்புறத்தைப் பார்த்து, படகு வேலைக்கும் அவர் தகுதி பெற்றவரா என அறியவேண்டும்.

கூலியைப் பேசும் முறையிலும் விவேகம் வேண்டும். முன்கூட்டியே நிலையான தொகை ஒன்றைப் பேசிவிட்டால் நிம்மதி என்று உரிமையாளர் எண்ணுவர். அடியைச் சுரண்டிக் கரிப்பூச்சுப் பூசுதல் போன்ற, அளவு தெரிந்த வேலைக்கு அது சரி. பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறதென ஒருவரும் அறியாத பழைய படகுக்கு நிலையான தொகை சொல்பவர், ஒன்றில் நிறையக் கூட்டிச் சொல்லியிருப்பார், அன்றேல் பாதியிலே கைவிடுவார். அங்கே நாட்கூலியே நேர்மையானது. ஆனால் இத்தனை நாளுக்கு மேல், இவ்வளவு பணத்துக்கு மேல் செல்வதாயின் வேலையை நிறுத்திவிட்டு உரிமையாளரை அழைக்கவேண்டும் என்ற எல்லை எழுத்தில் இருக்கவேண்டும். முழுப்பணத்தையும் முன்னே கொடுத்தல் ஆகாது. முடிந்த பகுதிக்கு முடிந்தபின் கொடுப்பதே முறை. பொருள் வாங்க முற்பணம் கொடுத்தால், வாங்கிய பொருள் யாருடையது என்பதையும் எழுதிக்கொள்வது நன்று. பட்டறை முறிந்துபோனால் முற்றத்திலே கிடக்கும் பலகையும் யந்திரமும் கடன்காரரின் பங்காகிவிடக்கூடும்.

பிணக்கு நேர்ந்தால் சட்டம் இருபுறமும் நிற்கிறது. பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, வேலை தக்க கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்பட வேண்டும். விலையும் காலமும் பேசப்படாதவிடத்து, அவை நியாயமானவையாக இருத்தல் வேண்டும். அதேவேளையில், தாம் செப்பனிட்ட படகைக் கூலி தீரும்வரை விடாது பிடித்துவைக்கும் பற்றுரிமை பட்டறைக்காரருக்கும் உண்டு. குறைந்த கூலியை நம்பி வீட்டை விற்றுப் படகிலே குடியேற வந்தவர், தாம் உறங்கவேண்டிய படகு பட்டறை வேலிக்குள் நிற்க, தங்குவதற்கு இடமின்றித் தவிக்கும் நிலை இதனால் உண்டாகலாம்.

தொழிலாளர் பக்கத்து முறைப்பாடும் கேட்கத்தக்கதே. திங்களன்று சமையலறை அணியப்பக்கத்தில் என்பார், புதனன்று பின்பக்கத்தில் என்பார் சில உரிமையாளர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் குழாயும் கம்பியும் இடம்பெயர வேண்டும். காலையிலே தேநீர் கொடுத்து அருகே நின்று கேள்வி கேட்பவராலே அரைநாள் போய்விடும். உலர்துறையிலே ஒரு படகு தாமதித்தால் அதன்பின் காத்திருக்கும் படகுகளெல்லாம் தாமதிக்கும். மழைநாளிலே பூச்சுப் பூசமுடியாது என்று சொல்லும் பட்டறைக்காரரைச் சோம்பேறி என்பது தகாது. ஈரத்தின்மேற் பூசியவரே அவ்வாறு அழைக்கப்படத்தக்கவர்.

செப்பனிட்ட படகைப் பேணுதல் அதனைச் செப்பனிடுவதிலும் மலிவானது. ஆனால் அதற்கு ஓய்வில்லை. தார்வகைக் கரிப்பூச்சை இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கவேண்டும். இருபொருள் கலந்து பூசும் எப்பொக்சிப் பூச்சு கூடிய காலம் தாங்கும். ஆனால் உருக்கைப் பழைய பூச்சின் சுவடே இல்லாது தூய்மை செய்தாலன்றி அது பிடிக்காது. அடிப்பக்கத்திலே மகனீசியக் கட்டிகளை ஒட்டிவைப்பர். உருக்குக்குப் பதிலாக அவை கரைந்து தம்மைப் பலிகொடுக்கும். கரையிலிருந்து மின்கம்பி இழுத்துப் பாவிக்கும் படகுக்கு, அக்கம்பியின் நிலத்தொடர்பு வழியே அயற்படகுகளோடு நுண்மின்னோட்டம் ஓடி இக்கட்டிகளும் பின்னர் தகடும் விரைவிலே கரையக்கூடும். அதனைத் தடுக்கும் சிறு கருவியின் விலை, ஒரு தகடு ஒட்டும் கூலியோடு ஒப்பிட்டால் அற்பமானது.

சுழல்தண்டு படகினுள்ளிருந்து நீருக்குள் இறங்கும் துளையிலே கிறீஸ் தோய்ந்த கயிற்றுப் பொதி இருக்கும். நாள்முடிவில் அதன் கிறீஸ்க் குமிழை ஒரு திருகு திருகிவிட்டால் ஒழுக்கு நிற்கும். சுழலியிலே சுற்றிய களையை அகற்றுவதற்கான வாயிலை மீண்டும் இறுக மூட மறந்தவரின் படகு, யந்திரம் வேகங்கொண்டவுடன் உள்ளே நீர் கொட்டி மூழ்கும். கடுங்குளிருக்கு முன் குழாய்களிலுள்ள நீரை வடிக்கவேண்டும். விறகடுப்பின் புகைக்குழாயைத் துப்புரவாக்கவும் வேண்டும். மணமும் நிறமுமற்ற காபனோரொட்சைட்டு வாயு, உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும். 2019ஆம் ஆண்டு ஏப்பிரில் முதல் அதனை அறிவிக்கும் கருவி, உறங்குமிடமுள்ள படகுகளுக்குப் பாதுகாப்புச் சான்றிதழின் ஒரு நிபந்தனையாயிற்று. இச்சான்றிதழை நான்கு ஆண்டுக்கொருமுறை பெறவேண்டும். 2012 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் கால்வாய்களிற் பெரும்பாலானவற்றை நிருவகித்துவரும் கால்வாய் ஆற்று நம்பிக்கை நிறுவனம், சான்றிதழும் காப்புறுதியும் இல்லாத படகுக்கு உரிமம் வழங்காது.

றோசாப்பூவும் கோட்டையும் எழுதிய கதவுகள், படகின் பெயரை நிழல்விழ எழுதிய பக்கங்கள் என்பன கால்வாய் மக்களின் பழைய அழகுக்கலை. எழுத்தோவியரை அழைக்கப் புதிய உரிமையாளர் அவசரப்படுவது இயல்பே. அனுபவமுள்ள பட்டறைக்காரர் அவரைக் கடைசி நாளுக்கே அழைப்பர். அதற்கு முன் உலர்துறைக்குள் நீரை மெல்லத் திறந்துவிடுவர். படகு மரக்கட்டைகளை விட்டு ஓர் அங்குலம் எழும்பியதும் நீரை அடைத்துவிட்டு, பின்தளத்திலுள்ள சிறு மூடியைத் தூக்கி, கைவிளக்கைப் பிடித்து, அடிக்குழி காய்ந்திருக்கிறதா என்று உரிமையாளரையே குனிந்து பார்க்கச் சொல்வர்.