எடை குறைந்த சிசுவும் முதற் பாலும்



மணமாகாத இளைஞன் தாய்ப்பாலைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நகைக்கலாம். பிள்ளையின் வாயில் முதலில் எது படவேண்டுமென்று தீர்மானிப்போர் வீட்டுப் பெரியோர். அவர்களோ இச்சபையில் வீற்றிருக்கிறார்கள்.

இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளையைக் கண்டதும், "பாவம், களைத்துப்போயிற்று, தேறட்டும்" என்கிறோம். முன்னொரு காலத்தில் வைத்தியர்களும் புரையேறுமென்றஞ்சிக் குறைமாதப் பிள்ளைகளை ஒரு நாளுக்கு மேலும் பாலின்றி வைத்ததுண்டு. ஆனால் அவ்வுடலிற் கொழுப்புஞ் சேமிப்புஞ் சொற்பம். பால் தாமதித்தால் இரத்தத்திற் சீனி இறங்கும், உடல் குளிரும்; குளிர்ந்த பிள்ளைக்கு உறிஞ்சவும் வலுவிராது. நன்றாய் மூச்சுவிடும் பிள்ளையை முதல் மணித்தியாலத்திலேயே மார்பிற் சேர்க்க வேண்டும். மஞ்சள் நிறக் கடும்புப் பால் சில துளிகளேயாயினும் நோயைத் தடுக்கும். பாட்டிமார் தேன் தொட்ட விரலைச் சற்று மடக்கி வைத்தருள்க!

34 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கு உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் மூன்றும் பெரும்பாலும் இசைந்து வாரா. அப்பொழுதும் தாய் காத்திராமல் கையாற் பீய்ச்சவேண்டும். அப்பாலைத் தாதிமார் சிறு கிண்ணத்தாலோ குழாயாலோ புகட்டுவர்.

1978இல் கொலம்பியாவின் போகொட்டா நகரிலே, சூட்டுப்பெட்டிகள் போதாமையால், வைத்தியர் எட்கார் ரே சனாப்ரியா இத்தகைய சிசுக்களைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைக்கச் செய்தார். பாலும் சூடும் ஓரிடத்திற் கிடைத்தன. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்விலே, 1.8 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுள், பிறந்தவுடனேயே அணைக்கப்பட்டோரில் 28 நாட்களுள் இறந்தோர் நூற்றுக்குப் பன்னிருவர். "தேறட்டும்" என்று காத்திருந்தோரில் ஏறத்தாழப் பதினாறு பேர்.