நான்கறிவுயிரும் நம் குழந்தைகளும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

சமண இல்லத்துக் குழந்தை மழலை மாறும் முன்னரே ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: தேன் உண்ணலாகாது. கள், ஊன், தேன் ஆகிய மூன்றை விலக்குதலும் ஐந்து அணுவிரதங்களைக் காத்தலும் இல்லறத்தார்க்குரிய எட்டு மூலகுணங்கள் என்று ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வகுத்தார். அந்நெறியை அருங்கலச்செப்பு தமிழில் தந்தது. ஆயினும், தேனைத் தொடாத அதே குழந்தை முற்றத்தில் ஒரு தேனீயைக் கண்டால் அலறுகிறது. பெரியவர் துடைப்பத்தை எடுக்கிறார். மாடிச் சுவரில் கூடு தொங்கினால், இரவில் தீப்பந்தம் காட்ட ஆள் தேடப்படுகிறது. நாவால் விலக்கியதைக் கையால் கொல்வதாயின், விரதம் வெறும் உணவுப் பழக்கமாகச் சுருங்கிவிடுகிறது. இக்குறையைத் தீர்க்கும் வழி, குழந்தைக்குத் தேனீயைக் காட்டுவதே.

முதற்பாடம் பார்த்தல். காலை வேளையில் ஐந்தாறு சிறுவர் ஒரு துளசிச் செடியின் முன் இரண்டடி தள்ளி அமைதியாக அமரட்டும். எந்தப் பூச்சி வந்தது, எத்தனை மலரில் அமர்ந்தது, காலில் மஞ்சள் உருண்டை இருந்ததா என்று குறித்துக்கொள்ளட்டும். புட்டியில் பிடித்து அடைத்துக் காட்டுதல் கூடாது. அது அறியாமலே இம்சையைக் கற்பிப்பதாகும். மலரில் உணவு தேடும் தேனீ, நசுக்கப்பட்டாலன்றிப் பெரும்பாலும் கொட்டுவதில்லை. கூட்டின் அருகே மட்டும் எவரும் செல்லலாகாது. கொட்டுப்பட்ட குழந்தைக்கு முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இங்கேயே புலன்களின் பாடமும் அமைகிறது. தொல்காப்பிய மரபியல் தும்பியை நான்கறிவுயிராக வைக்கிறது. தத்துவார்த்த சூத்திரம் புழு, எறும்பு, வண்டு, மனிதன் என்று ஒவ்வொரு புலன் கூடிவரும் வரிசையைச் சொல்கிறது. மலரின் நிறத்தைக் காணும் கண், மணத்தை அறியும் உணர்கொம்பு, சாற்றை உறிஞ்சும் நாக்கு, அதிர்வை உணரும் கால் எனக் குழந்தை தானே எண்ணிப் பார்க்கலாம். மனிதர்க்குள்ளது போன்ற செவி அதற்கு இல்லை. மனப்பாடம் செய்த வரிசை கண்முன் பறந்து வருகிறது.

இரண்டாம் பாடம் விளையாட்டு. ஒரு காகிதப் பூவில் மஞ்சள்தூளும் மற்றொன்றில் அரிசிமாவும் இட்டு, நடுவில் கற்கண்டு வைக்க வேண்டும். குழந்தை பஞ்சு சுற்றிய விரலால் கற்கண்டைத் தேடி இரண்டையும் தொடும்போது, மஞ்சள் வெள்ளையில் ஒட்டும். வெள்ளை மஞ்சளில் ஒட்டும். தேனீயின் மயிரடர்ந்த உடல் மகரந்தத்தைச் சுமப்பது இவ்வாறே. தேனீ தேடுவது தன் உணவை. மலர் பெறுவது தன் சந்ததியை.

மூன்றாம் பாடம் பரங்கிக் கொடியில். மெல்லிய காம்பில் நிற்பது ஆண்பூ. அடியில் குண்டுமணி போன்ற பிஞ்சைத் தாங்குவது பெண்பூ. மறுநாள் மலரவிருக்கும் மூன்று பெண்பூ மொட்டுகளைக் குழந்தைகள் மாலையில் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டினுள் எவ்வுயிரும் சிக்கவில்லை எனப் பார்த்த பின்பு, அவற்றை மெல்லிய துணிப்பையால் மூடட்டும். மூன்றாவதைத் திறந்தே விடட்டும். விடியலில் மூடிய ஒன்றைத் திறந்து, ஆண்பூவின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி மீண்டும் மூட வேண்டும். சில நாளில், தீண்டப்படாத பூவின் பிஞ்சு பழுத்து உதிரும். கைபட்டதும் தேனீ வந்து சென்றதும் காயாகத் திரளும். ஒரு பூவுக்கு இத்துணை உழைப்பெனில், ஒரு தோட்டத்துக்கு எவர் உழைப்பது? இக்கேள்வியைக் குழந்தையே கேட்கும்.

நெல் காற்றாலும் தன் மகரந்தத்தாலும் விளைவது. அதற்குத் தேனீ வேண்டுவதில்லை. ஆனால் பரங்கி, பூசணி, பாகல், முருங்கை ஆகியவை பூச்சிகளை நாடி நிற்பவை. முருங்கைப் பூவில் கருநிறத் தச்சுத்தேனீ முரல்வதைக் காணலாம். புடலம்பூ மாலைக்குப் பின் மலர்ந்து இரவில் அந்துப்பூச்சியை அழைக்கிறது. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நெறி ஏன் என்று அப்போது விளங்கும்: விளக்கொளியில் வந்து உணவில் வீழும் சிற்றுயிர், காலையில் காயாகி நிற்கும் பூவின் தோழனாகவும் இருக்கக்கூடும்.

வளர்ந்த குழந்தை ஒரு வினா எழுப்பும்: "பெட்டியில் வளர்க்கும் தேனீயிடம் புழுக்களைக் கொல்லாமல் தேன் எடுக்கிறார்களே, அது குற்றமா?" இதற்குச் சினம் விடையாகாது. பூ அரிதாகும் காலத்துக்கெனத் தேனீக்கள் சேர்த்த உணவு அது; அவை தந்ததன்று. கொல்லாமையோடு கள்ளாமையும் அணுவிரதமே என்று சொல்லும்போது, தேன் விலக்கு குழந்தையின் அறிவுக்குள் இடம்பெறும்.

இல்லத்தில் செய்யத்தக்கவை எளியவை. அகன்ற மண்தட்டில் கூழாங்கற்கள் இட்டு, வடிகட்டிய நீரை அவை மூழ்காதபடி ஊற்றினால், தேனீ அமர்ந்து குடிக்கும். நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். விறகையும் காய்ந்த மூங்கிலையும் தட்டிப் பார்த்து அடுப்பிலிடும் பாட்டிமாரின் வழக்கத்தைப் பேரக்குழந்தை அருகிருந்து காணட்டும். தச்சுத்தேனீ கூடமைப்பது அத்தகைய மரத்திலேதான். பூத்த செடிக்குப் பூச்சிமருந்து தெளித்தலைத் தவிர்க்கலாம். மலைத்தேனீ பருவத்துக்கு வந்து, பருவம் மாறினால் தானே இடம்பெயர்வது. ஆபத்தில்லா உயரத்தில் இருப்பின், தீப்பந்தத்தை விடுத்துச் சில திங்கள் பொறுத்திருக்கலாம்.

முனிவர் ஆகாரம் ஏற்கும் முறைக்குப் பிராமரி என்று பெயர். வண்டு மலரை வருத்தாமல் சாறு கொள்வதுபோல், இல்லறத்தாரை வருத்தாமல் ஏற்றல் என்பது பொருள். துறவியர்க்கே உவமையாகி நிற்கும் உயிரை நம் குழந்தைகள் அஞ்சாமலும் அழிக்காமலும் பார்க்கக் கற்கட்டும். வரும் விடுமுறை அறநெறி வகுப்பில் ஒரு பரங்கி விதையை ஊன்றுவதிலிருந்து அக்கல்வி தொடங்கட்டும்.

வாழ்க அறம்! வளர்க அருள்!