கோதை கண்ட கனவும் கல்யாணப் பணியும்



திருவில்லிபுத்தூரில் பங்குனி உத்திரத்தன்று ஆண்டாள் திருக்கல்யாணம் நடைபெறுவதை அறியாதார் இலர். அதனைத் தொடர்ந்து வரும் சித்திரை, வைகாசி மாதங்களில் இவ்வூரிலும் அண்டையிலுள்ள இராசபாளையத்திலும் வீதிதோறும் பந்தக்கால் நடுவர். பந்தல்காரர், பூத்தொடுப்பவர், நாகசுவரக் குழுவினர், சமையற்காரர் ஆகிய அனைவரையும் பேசி அமர்த்தி, வரவேற்புக் கோலம் முதல் கட்டுச்சாதம் வரை பொறுப்பேற்பவர் ஒருவர் உண்டு. ஊரார் அவரைக் 'கல்யாண காண்டிராக்டர்' என்று அழைப்பர். பெண்ணைப் பெற்றவருடைய பாரத்தில் பாதியைச் சுமப்பவர் அவரே.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் ஊரடங்கு தொடங்கியது. அவ்வாண்டின் பங்குனி உத்திரம் ஏப்ரல் 6ஆம் நாள், திருக்கோயில்களுக்குள் அன்பர்கள் செல்லவியலாத காலத்தில் வந்தது. சித்திரை முகூர்த்தங்கள் நின்றன. வைகாசியும் அவ்வாறே கழிந்தது. பின்னர் வந்ததோ மணவினை நிகழாத ஆடி. மண்டபத்துக்கும் பாத்திரத்துக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று. மணவீட்டாரோ தாங்கள் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டனர். நூற்பாலைகள் மலிந்த இராசபாளையத்தில் ஆலைகள் மூடிக்கிடந்தபோது அவர்கள் கையிலும் பொருள் இல்லை. அவர்களைக் குறை கூறுதல் எங்ஙனம்?

பொருள் இழப்பை ஒருவாறு ஈடுசெய்யலாம். மங்கலத் தொழில் செய்பவரை அதனினும் ஆழமாக வருத்துவது பிறிதொன்று. குறித்த மணம் தடைப்பட்டால், "அவருக்குக் கைராசி இல்லை" என்று ஒரு வாய் சொல்லும். பத்துச் செவி கேட்கும். காலப்போக்கில் அவரே அதனை நம்பத் தலைப்படுவார். பெருந்தொற்றுக் காலத்தில் மட்டுமன்று, மழையால் பந்தல் சரிந்தாலும், பேசிமுடித்த சம்பந்தம் முறிந்தாலும் இப்பழி வருவதுண்டு. இது நியாயந்தானா என்பதற்கு இவ்வூர்ப் பெரியவர் ஒருவரின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

பெரியாழ்வார் நந்தவனம் அமைத்து, வடபத்திரசாயிப் பெருமாளுக்கு மாலை தொடுத்தலையே தம் தொண்டாகக் கொண்டவர். பெருமாளுக்கென்று தொடுத்த மாலையைத் தம் மகள் முன்னரே சூடிப் பார்ப்பதை ஒருநாள் கண்டார். தொண்டு பழுதுபட்டதென்று நெஞ்சம் பதைத்தார். மகளைக் கடிந்துகொண்டு, அம்மாலையை விலக்கி வைத்தார். இறைவன் கனவில் தோன்றி, அவள் சூடிய மாலையே தமக்கு உகந்தது என அருளியதாகக் குருபரம்பரை கூறும். இக்கதையைச் சொல்வோர் கனவுக்கு விரைந்து சென்றுவிடுகின்றனர். கனவுக்கு முந்தைய பொழுதை எண்ணிப் பாருங்கள். வாழ்நாள் முழுதும் செய்த பணி தம் வீட்டிலேயே கெட்டுவிட்டது என்னும் எண்ணத்தோடு அவர் கண்ணுறங்கச் சென்றாரே, அந்தப் பொழுதில் அம்மாலைக்கு உண்மையில் யாதொரு குறையும் இல்லை. அவர்தாம் அறிந்திலர்.

இனி, அம்மகள் வகுத்த கல்யாணத்தைக் காண்போம். நாச்சியார் திருமொழியில் ஆறாவது திருமொழி 'வாரணமாயிரம்'. தோரணம் நாட்டிய ஊர், கமுகு நாட்டிய பந்தல், பெண் பேச வந்த வானவர், கூறைப் புடவை, நாற்றிசைத் தீர்த்தம், காப்பு நாண், மத்தளம், சங்கு, தீவலம், அம்மி மிதித்தல், பொரியிடுதல், மஞ்சன நீராட்டு என ஒன்றும் விடாமல் கோதை அடுக்குகிறாள். எந்தக் கல்யாண காண்டிராக்டரும் இதற்குமேல் பட்டியல் எழுதிவிட முடியாது! ஆயினும் அது கனவு. அத்துடன் நூல் முடிந்திருந்தால் நமக்கு இனிதாயிருக்கும். அதன்பின் இன்னும் எட்டுத் திருமொழிகள் உள்ளன. சங்கை வினவுகிறாள், மேகத்தைத் தூது விடுகிறாள், நாள் தள்ளித் தள்ளிப் போகிறது. நிகழாத மணத்தை எண்ணி அவள் தன்னைப் பழித்துக்கொண்டு வாய்மூடவில்லை.

பின்னர் நேர்ந்தது என்ன? மணம் திருவரங்கத்தில் என்றாயிற்று. மகளை அங்கே விட்டுத் தந்தை தனியே திரும்பினார். கண்ணனுடன் சென்ற மகளை ஊரறிய முறைப்படி மணம் செய்விப்பார்களோ, தம் விருப்பம்போல் செய்துவிடுவார்களோ என்று ஒரு தாய் கலங்குவதாக அவர் பாடிய பதிகம் பெரியாழ்வார் திருமொழியில் உள்ளது. கல்யாணத்தைத் தம் கையால் நடத்த இயலாதவரின் தவிப்பு அதில் கேட்கும்.

2020 மே மாதத்தில் மணவிழாவுக்கு 50 பேர் வரையே கூடலாம் என்று அரசு வரம்பு வகுத்தது. 50 பேர் போதுமா என்று அன்று பலர் மயங்கினர். கோதையின் பட்டியலையே வைத்து எண்ணலாம். கைப்பிடிக்க இருவர், தீவலம் வருவதும் அவ்விருவரே, பொரியிட உடன்பிறந்தார், ஓத மறையவர். ஊர்வலத்துக்குத்தான் ஊர் வேண்டும். சிறு மணத்தையும் சிரத்தையாக நடத்தித் தந்தவரைத் தேடி, தடை நீங்கியபின் அதே குடும்பம் வளைகாப்புக்கும் வருவது இயல்பே. முன்பணத்தில் செலவானது இவ்வளவு, எஞ்சியது இவ்வளவு என எழுதிக் காட்டுவதும் அத்தகைய சிரத்தைதான். கணக்கைக் காட்டத் தயங்கும் இடத்தில்தான் கைராசிப் பேச்சு வளரும்.

தம்மால் முடியாத பணியை மற்றொருவரிடம் ஒப்படைப்பதில் இழுக்கு ஏதுமில்லை. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் தருவதாகக் கோதை நேர்ந்துகொண்டாள். அதனைப் பல நூற்றாண்டுக்குப்பின் நிறைவேற்றியவர் இராமானுசர். அவர் திருவில்லிபுத்தூர் வந்தபோது ஆண்டாள் 'அண்ணா' என்று அழைத்ததாக மரபு. கனவில் பொரியிட்ட தமையன் நேரில் வந்ததும் அன்றுதான் போலும்!

அன்று விலக்கி வைக்கப்பட்டது போன்ற, ஆண்டாள் சூடிக் களைந்த மாலைதான் ஆண்டுதோறும் சித்திரையில் கள்ளழகருக்கு மதுரைக்கும், புரட்டாசியில் வேங்கடவனுக்குத் திருமலைக்கும் இவ்வூரிலிருந்து செல்கிறது.