வரிசையும் வட்டமும்: போட்டித் தேர்வில் இருக்கைப் புதிர்கள்

(நமது ஜமாஅத் கல்விக் குழுவின் வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரை)

 

பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் வங்கித் தேர்வு எழுத முன்வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், "கணக்கு வருகிறது, ஆங்கிலமும் ஒருவாறு வருகிறது, அந்த இருக்கைப் புதிர்தான் வருவதில்லை" என்று அவர்கள் கூறக் கேட்கிறோம். எனவே, இன்று அவ்வொன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணிக்கான முதல்நிலைத் தேர்வில் 100 வினாக்கள். நேரம் 60 நிமிடங்கள். இவற்றுள் தர்க்க அறிவுப் பகுதிக்கு 35 வினாக்கள். அதற்குரிய நேரம் 20 நிமிடங்கள். தவறான விடைக்கு அவ்வினாவின் மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு கழிக்கப்படும். இருக்கைப் புதிர் ஒன்றின்கீழ் பெரும்பாலும் ஐந்து வினாக்கள் வரும். படம் சரியானால் ஐந்தும் கைக்கு வரும். படம் பிழைத்தால் ஐந்தும் கைவிட்டுப் போகக்கூடும். ஆகவே, இதனை ஒதுக்கிவிட்டுத் தேர்ச்சியை எதிர்பார்ப்பது கடினம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நம் வீட்டுத் திருமணங்களில் சஹனைச் சுற்றி அமர்வதை நாம் அறிவோம். அன்வர், பஷீர், சலீம், தாவூத், இஸ்மாயீல், பாரூக் என்னும் அறுவர் ஒரு சஹனைச் சுற்றி, அதனை நோக்கிச் சம இடைவெளியில் அமர்ந்துள்ளனர் என்று கொள்வோம். தரப்படும் குறிப்புகள் நான்கு.

1. அன்வருக்கு நேர் எதிரே சலீம் இருக்கிறார்.
2. அன்வருக்கு இடப்பக்கம் இரண்டாவதாகப் பஷீர் இருக்கிறார்.
3. தாவூத் பஷீருக்கு அடுத்து இல்லை.
4. இஸ்மாயீல் அன்வருக்கு அடுத்து இல்லை.

அன்வருக்கு உடனடி இடப்பக்கம் இருப்பவர் யார்?

அறுவர் வட்டமாக அமரும் முறைகள் எத்தனை? ஒருவரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மற்ற ஐவரை மாற்றி மாற்றி அமர்த்தினால் 5×4×3×2×1, அதாவது 120 முறைகள். இவ்வாறு மாற்றியடுக்கிப் பார்ப்பது பழமையான கலை. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அரபு மொழியறிஞர் அல்-கலீல் இப்னு அஹ்மத், ஒரு வேர்ச்சொல்லின் மூன்று எழுத்துகளை ஆறு விதமாக அடுக்கலாம் என்னும் கணக்கைத் தம் அகராதியின் அமைப்புக்கே அடிப்படையாகக் கொண்டார்.

120 முறைகளையும் எழுதிப் பார்க்க நேரம் ஏது? தேவையும் இல்லை. ஒவ்வொரு குறிப்பும் பொருந்தாதவற்றை வெளியேற்றும். அன்வரையும் சலீமையும் எதிரெதிரே அமர்த்தியவுடன் 24 முறைகளே எஞ்சுகின்றன. பஷீரின் இடம் உறுதியானதும் அவை 6 ஆகின்றன.

அன்வரின் இடத்தை 1 எனக் கொண்டு, அவருடைய இடக்கைப் பக்கமாக இடங்களை எண்ணி வருவோம். பஷீர் 3, சலீம் 4. எஞ்சிய இடங்கள் 2, 5, 6. பஷீருக்கு அடுத்தது 2 ஆகையால் தாவூத் அங்கு இருக்க முடியாது. அவருக்கு 5 அல்லது 6. இப்போது 4 முறைகள். அன்வருக்கு அடுத்தவை 2, 6 ஆகையால் இஸ்மாயீலுக்கு 5 மட்டுமே. எனவே தாவூத் 6, பாரூக் 2. ஒரே ஒரு முறை எஞ்சிவிட்டது. அன்வருக்கு உடனடி இடப்பக்கம் இருப்பவர் பாரூக்.

இதில் எங்கும் நாம் ஊகிக்கவில்லை. "இல்லை" என்று கூறும் குறிப்புகளைப் பயனற்றவை எனப் பலர் கருதுகின்றனர். இங்கோ இறுதி முடிவைத் தந்தவை அவ்விரண்டே. அவற்றை முதலிலேயே கையாளாமல், தாளின் ஓரத்தில் குறித்துவைத்து, உறுதியான குறிப்புகள் முடிந்தபின் பயன்படுத்த வேண்டும்.

நம் பயிற்சி வகுப்பில் ஒரு மாணவர் இப்புதிரையே செய்தார். அவர் அன்வரைத் தாளின் மேற்பகுதியில் எழுதி, தாளின் இடப்பக்கமாக இரண்டு இடங்கள் எண்ணிப் பஷீரை அமர்த்தினார். மேலே அமர்ந்து நடுவை நோக்குபவருக்குத் தாளின் இடப்பக்கம் வலக்கைப் பக்கமாகும் என்பதை அவர் மறந்துவிட்டார். அவருக்குக் கிடைத்த விடை தாவூத். சரிபார்த்தபோதும் நான்கு குறிப்புகளும் பொருந்துவனபோலவே தோன்றின. ஏனெனில், முதலில் இடவலத்தை மாற்றி எண்ணியவர் சரிபார்க்கும்போதும் அவ்வாறே எண்ணினார். கண்ணாடியில் தெரியும் உருவம் போல அவருடைய படம் தனக்குள் முழுமையாகவே இருந்தது. அன்வருக்கும் பஷீருக்கும் நடுவில் இருப்பவர் யார் என்று கேட்டிருந்தால், அத்தவறான படத்திலும் பாரூக் என்ற சரியான விடையே வந்திருக்கும். இத்தகைய பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்காது. ஆதலால், அது நேராமல் முன்னரே காத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நடுவை நோக்கி அமரும் வட்டத்தில், முதலில் இடம் பெறுபவரைத் தாளின் அடிப்பகுதியில், நமக்கு அருகில் எழுதுவது. அப்போது அவருடைய இடக்கையும் நம்முடைய இடக்கையும் ஒரே பக்கத்தில் இருக்கும். அங்கிருந்து கடிகார முள் சுழலும் திசையே அனைவருக்கும் இடப்பக்கம் ஆகும். வெளிப்புறம் நோக்கி அமர்ந்தவர்களுக்கு இது தலைகீழாகும். வரிசையில் அமர்வோர் வடக்கு நோக்கினால் அவர்களது இடப்பக்கம் மேற்கு. தெற்கு நோக்கினால் கிழக்கு.

மற்றொன்று, நம் தாய்மொழி தரும் உதவி. வங்கிகளின் எழுத்தர் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 வட்டார மொழிகளிலும் நடத்துவதென 2021 செப்டம்பரில் நடுவண் நிதியமைச்சகம் அறிவித்தது. "அன்வருக்கு இடப்பக்கம் பஷீர்" என்னும் தொடரில் "கு" என்னும் வேற்றுமை உருபு அன்வர் மீது நிற்கிறது. அவ்வுருபு யார் பெயரில் நிற்கிறதோ அவர் இருக்கையில் நாம் மனத்தால் சென்று அமர்ந்து, அவர் கையைக் கொண்டே எண்ண வேண்டும். இதனை மாற்றிப் பஷீரின் இருக்கையிலிருந்து எண்ணினால் படம் முழுவதும் பிழைபடும்.

இரண்டு இடங்கள் பொருந்துமாயின் ஒன்றை விருப்பம்போல் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டு படங்களையும் அருகருகே வரையுங்கள். முரண்பாடு தோன்றிய படத்தை மட்டும் அடித்துவிடுங்கள். நான்கைந்து நிமிடங்களாகியும் படம் உருவாகவில்லையெனில் அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுங்கள். மற்ற வினாக்களை முடித்தபின் மீண்டு வரலாம்.

பெற்றோர்களே! இப்பயிற்சிக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் போதும். இரவு உணவுக்கு அமரும்போதே, "உனக்கு இடப்பக்கம் இரண்டாவது யார், எனக்கு வலப்பக்கம் யார்" என்று சிறுவர்களைக் கேட்டுப் பழக்கலாம். எதிரே அமர்ந்தவரின் இடக்கை நமது வலக்கைக்கு நேராக இருப்பதை அவர்கள் கண்ணாலேயே கண்டுகொள்வார்கள்.

மாணவர்களே! நாளொன்றுக்கு இரண்டு புதிர்கள் வீதம் செய்து வாருங்கள். தொடக்கத்தில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். பிழையின்றி முடிப்பதே முதற்படி. வேகம் பின்னர் தானாக வரும். செய்த தாள்களைக் கிழித்தெறியாமல் கொண்டுவாருங்கள். எந்தக் குறிப்பில் வழுக்கியது என்பதை நாம் சேர்ந்தே பார்ப்போம்.