தாமதம் யாருக்குச் சலுகை?



பயிற்சியாளர் ஒருவர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தையைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கினார் என்ற செய்தி வரும்போதெல்லாம் ‘தூக்கில் போடு’ என்ற குரல் எழுகிறது. அச்சினம் நியாயமானதே. ஆனால் விளையாட்டு உலகில் அதிகாரம் படைத்தவருக்கு நம் நாட்டில் உண்மையில் என்ன தண்டனை கிடைத்தது என்பதை அரியானா வழக்கொன்று காட்டுகிறது.

1990 ஆகஸ்டில், பஞ்ச்குலாவில், 14 வயது டென்னிஸ் வீராங்கனையிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டவர் எஸ்.பி.எஸ்.ரத்தோர். மாநில டென்னிஸ் சங்கத் தலைவர், காவல்துறை ஐ.ஜி.யும் அவரே. சிறப்புப் பயிற்சி என்பதே அவர் காட்டிய ஆசை. வழக்குப் பதியலாம் என்று காவல்துறையின் சொந்த விசாரணையே அவ்வாண்டு பரிந்துரைத்தது. முதல் தகவல் அறிக்கையோ 1999 இறுதியில்தான் பதிவாயிற்று. இடைப்பட்ட காலத்தில் அச்சிறுமி பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்; அவருடைய சகோதரர் மீது கார் திருட்டு வழக்குகள் புனையப்பட்டதாகக் குடும்பம் முறையிட்டது; 1993 டிசம்பரில் அவர் தற்கொலை செய்துகொண்டார். ரத்தோர் மாநிலக் காவல்துறைத் தலைவராக உயர்ந்தார்.

2009 டிசம்பரில் தீர்ப்பு: 6 மாதச் சிறை, 1,000 ரூபாய் அபராதம். மேல்முறையீட்டில் அது 18 மாதமாயிற்று. 2016இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்தது. எனினும் அவரது முதுமையைக் கருதி, ஏற்கெனவே அனுபவித்த 6 மாதமே போதும் என்றது. வழக்கை இழுத்தடித்த ஆண்டுகள் குற்றவாளியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டன! பதினான்கு வயது குறித்து எந்தக் கணக்கும் இல்லை.

2012இன் போக்சோ சட்டம் நிலைமையை மாற்றியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவர் இழைக்கும் குற்றம் அதில் கடுமையான குற்றம். வன்புணர்வுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு என்றிருந்ததை 2019 திருத்தம் 20 ஆண்டாக உயர்த்தி, மரண தண்டனையையும் சேர்த்தது. மரண தண்டனையை நாம் ஏற்கவில்லை. குற்றவாளிக்குத் தூக்கு என்றால், அவரை அண்டி வாழும் குடும்பமும் சங்கமும் குழந்தையின் வாயை அடைக்கவே முனையும்.

வாய் ஏன் அடைபடுகிறது? விளையாட்டு விடுதிகளுக்கு வரும் குழந்தைகளில் பலர் விவசாயிகள், கூலித் தொழிலாளிகளின் பிள்ளைகள். ரயில்வேயிலோ காவல்துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் ஒரு வேலையே அக்குடும்பங்களின் கனவு. அணியில் இடம் தருபவர், போட்டிக்கு அனுப்புபவர் அதே பயிற்சியாளர். அவர்மீது புகார் கொடுப்பது குடும்பத்தின் சோற்றைப் பணயம் வைப்பதாகும். 2023இல் உலகப் பதக்கம் வென்ற மல்யுத்த வீராங்கனைகளே ஜந்தர் மந்தரில் அமர்ந்து, உச்ச நீதிமன்றப் படியேறிய பிறகுதான் தில்லி காவல்துறை வழக்குப் பதிந்தது. விடுதிச் சிறுமியின் புகாரை யார் வாங்குவர்?

போக்சோவின் 21ஆம் பிரிவு அதிகம் பேசப்படுவதில்லை. தமக்குக் கீழ் பணியாற்றுபவரின் குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு அது ஓராண்டு வரை சிறை விதிக்கிறது. பயிற்சியாளர் ஒருவர் கைதாகும் ஒவ்வொரு வழக்கிலும், அறிந்தும் மூடிமறைத்த சங்க நிர்வாகிகள் மீது இப்பிரிவைச் சேர்க்கக் கோர வேண்டும். விசாரணையை இயன்றவரை ஓராண்டுக்குள் முடிக்கச் சொல்கிறது 35ஆம் பிரிவு. அதற்குப் போதிய சிறப்பு நீதிமன்றங்களும் அரசு வழக்குரைஞர்களும் வேண்டும். குற்றவாளியே உண்டாக்கிய தாமதத்தைத் தண்டனைக் குறைப்புக்குக் காரணமாக ஏற்கலாகாது. மாவட்ட விளையாட்டு விடுதிகளில் புகார் பெறும் குழு செயல்படுகிறதா, அதில் சங்கத்துக்கு வெளியிலுள்ள பெண்கள் இருக்கிறார்களா என்பதை நம் மாதர், வாலிபர், மாணவர் அமைப்புகள் நேரில் சென்று கேட்கத் தொடங்க வேண்டும்.